மாடிப்படி வளைவில் ஒரு பீரோ

வாயைத் திறக்கக் கூடாதாம் சார்! என் வீட்ல, என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, நான் வாயைத் திறக்கக் கூடாதாம். யாரு சொல்றது? எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. என் நாத்தனார். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? நான் வேலை பாக்குறது பல் டாக்டர் கிளினிக்ல. நாள் பூரா ‘வாயைத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க’ன்னு காதுல விழுந்துக்கிட்டே இருக்குற இடம். வீட்டுக்கு வந்தா மூடுங்கிறா!

உள்ள வாங்க சார், ஏன் வாசல்லயே நிக்கிறீங்க. கீழ் வீடுதானே? தெரியும், தெரியும். போன வாரம் குடி வந்தீங்க. சத்தத்தைப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்கீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. ரெண்டு நாளா தலைக்கு மேல டமார் டமார்னு… ஆமா சார், நாங்கதான். நான்தான். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? உக்காருங்க, சொல்றேன். அங்க வேணாம், இங்க, கம்ப்யூட்டருக்கு முன்னாடி. அந்தத் தலகாணியைத் தள்ளிட்டு உக்காருங்க. நீங்க இப்ப வந்தது எவ்வளவு நல்ல நேரம் தெரியுமா? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். உங்களைன்னா… உங்களை இல்ல, யாராவது ஒரு புது ஆளை.

இது ஒரு விளையாட்டு சார். வீடியோ கேம். பயப்படாதீங்க, சுடுறது வெட்டுறதெல்லாம் கிடையாது. ஒரு பீரோ, ரெண்டு ஆளு, ஒரு மாடிப்படி. அவ்வளவுதான். பீரோவை மேல ஏத்தணும். இடது கை பட்டனை அழுத்தினா மேல இருக்கிற ஆளு தூக்குவான், வலது கை பட்டனை அழுத்தினா கீழ இருக்கிற ஆளு தூக்குவான். ரெண்டையும் சேர்த்து அழுத்தினா ஏறும். ம், அப்படித்தான். பரவாயில்லையே, நல்லா வருதே உங்களுக்கு! விளையாடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

டமார்னு கேட்டுதா? அது நான் பண்ணினது! அந்தச் சத்தம்தான் சார் உங்க தூக்கத்தைக் கெடுத்தது. நிஜ பீரோவைத் தரையில இடிச்சுப் பாத்தோம், தகர டப்பாவைத் தட்டின மாதிரி வந்துச்சு. அசிங்கம். கட்டிலை இழுத்தோம், ம்ஹூம். கடைசியில பழைய துணியெல்லாம் மூட்டையாக் கட்டி, உள்ள ரெண்டு டிக்‌ஷனரியைச் சொருகி, ஸ்டூல் மேல இருந்து தள்ளி விட்டேன் பாருங்க… ஆகா! சாட்சாத் பீரோ. அந்தக் கிரீச்ங்கிறது எங்க பாத்ரூம் கதவு. மூச்சு வாங்குறாங்களே ரெண்டு பேரும், அது இவர். எங்க வீட்டுக்காரர். கடைக்குப் போயிட்டு மாடி ஏறி வந்தாரு, வாசல்லயே மைக்கைப் பிடிச்சிட்டேன். ‘தண்ணி குடிச்சிக்கிறேன்டி’ன்னாரு. தண்ணி குடிச்சா மூச்சு நின்னுடுமே, அப்புறம் திரும்பக் கீழ போயிட்டு வரணும்னு சொன்னேன். பேசாம மூச்சு வாங்கினாரு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங்… போட்டி. இது ஒரு போட்டிக்காகச் செய்யறது சார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒரு தலைப்பு குடுப்பாங்க, அதை வெச்சு ஒரு விளையாட்டைச் செஞ்சு, இன்னிக்கு, திங்கக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்குள்ள அனுப்பிடணும். நானும் நாத்தனாரும் அதுக்காக லீவே போட்டாச்சு. தலைப்பு என்னன்னா, பாரம். அதைக் கேட்டதும் இவரு ஜன்னல் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டு, ‘எனக்கு ஐடியா வந்துடுச்சு’ன்னாரு. எப்படி வந்துச்சுங்கிறீங்க? நீங்க குடி வந்த அன்னிக்கு, லிஃப்ட் வேற வேலை செய்யல, உங்க பீரோவைப் படி திரும்புற இடத்துல சொருகிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்களே… மேல இருந்து நாங்க எட்டிப் பாத்துக்கிட்டுதான் இருந்தோம். உதவிக்கு வரலாம்னுதான் இருந்தோம் சார். சத்தியமா. ஆனா அவ்வளவு சுவாரஸ்யமா இருந்துச்சு.

அந்த மேல் ஆளோட மீசையா? அது… தற்செயல் சார். உலகத்துல எத்தனையோ மீசை.

இவரு கடைகளுக்கு போர்டு வரையறவரு. படம்னா உயிர். அதுலதான் முதல் வில்லங்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி, சனிக்கிழமை காலையில எல்லாம் உக்காந்து மாடிப்படிச் சுவரை வரைஞ்சாரு. சுண்ணாம்பு உரிஞ்ச இடம், அதுல ஒரு பல்லி, பல்லிக்கு நிழல். அவ்வளவு தத்ரூபம். ஆனா விளையாட்டு எங்க? ஒரு துரும்பு நகரல. நாத்தனார் வந்து பாத்தா. ‘அண்ணா, முதல்ல ஒரு வெறும் கட்டம் படியில ஏறட்டும். அது ஏறினப்புறம் அதுக்குச் சட்டை போட்டுக்கலாம்’னா. இவருக்கு முகம் தொங்கிப் போச்சு. ஆனா அவ சொன்னதுதான் சரி, நான் அவகிட்ட ஒத்துக்கலையே தவிர. விளையாட்டே இல்லாத பல்லியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

ம்… ஏறுதா? பாத்து, பாத்து, கீழ் ஆளு சாயறான். நான் ஒண்ணும் சொல்லலை, நீங்க பாருங்க.

அப்புறம் வெட்டு. முதல்ல போட்ட திட்டத்தைக் கேட்டா சிரிப்பீங்க. பீரோ, கட்டில், மீன் தொட்டி, வீட்டுச் சொந்தக்காரர் படியில வந்து கத்துறது, மழை, மாடி மாடியா வீடு, எல்லா வீட்லயும் ஒரு கதை. நாத்தனார் வெட்டினா சார்! கத்திரிக்கோல் எடுத்த மாதிரி வெட்டினா. மீன் தொட்டி போச்சு, மழை போச்சு, சொந்தக்காரர் போனாரு, அதுல யாருக்கும் வருத்தமில்ல. ஒரு நாய் இருந்துச்சு. படியில குறுக்க வந்து படுத்துக்கும், காது ரெண்டும் ஆடும். இவரு அதை எவ்வளவு ஆசையா வரைஞ்சாரு தெரியுமா? ‘நாய்க்கு நேரம் இல்லை’ன்னுட்டா. ஒரே வார்த்தை. இவரு அன்னிக்குச் சரியாவே சாப்பிடலை. அப்புறம் பாத்தா, மொத மாடியில ஒரு வீட்டு வாசல்ல போட்டோ ஃபிரேம் மாட்டியிருக்கு, அதுக்குள்ள அந்த நாய்! தாண்டிட்டீங்களா? பரவாயில்ல, யாரும் கவனிக்கறதில்ல. இவருக்குத் தெரிஞ்சா போதும்.

இன்னொண்ணு, தூக்கம். சனிக்கிழமை ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே வேலை செஞ்சா, ரெண்டு பங்கு வேலை நடக்கும்னு இவரு ஒரு கணக்கு சொன்னாரு. நாத்தனாரும் அந்த ஒரு தடவை கேட்டா. விடிஞ்சு பாத்தா பீரோ பறக்குது சார்! பட்டனைத் தொட்டதும் பீரோ தானா ஜிவ்வுன்னு மேல போகுது, ரெண்டு ஆளும் அதைப் பிடிச்சுக்கிட்டு வௌவால் மாதிரி தொங்குறாங்க. தூக்கக் கலக்கத்துல எடைக்கு முன்னாடி ஒரு கோடு போட்டுட்டாளாம், கழித்தல் கோடு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே காலை போயிடுச்சு. நான் சொன்னேன், இதையே அனுப்பலாமே, பாக்க நல்லா இருக்கேன்னு. என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. அவ அண்ணன்கூட அப்படிப் பாத்தது கிடையாது.

அவளுக்கு இது வெறும் போட்டி இல்ல சார். அதைச் சொல்லணும் உங்ககிட்ட. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குறா. நல்ல வேலைதான். ஆனா, ‘நான் எழுதுற எதையும் பாத்து யாரும் ஒரு நாளும் சிரிச்சதில்ல அண்ணி’ன்னு ஒரு தடவை சொன்னா. அது எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. இப்ப வேற ஊருக்கு மாத்தறாங்க. நாளைக்குக் காலையில வரேன், வரலைன்னு பதில் சொல்லணும். இந்தப் போட்டி நடத்துறது ஒரு விளையாட்டுக் கம்பெனி. நல்லா செஞ்ச கொஞ்சம் பேரை வேலைக்கு எடுத்துக்குவாங்களாம். எடுத்துக்கிட்டா இங்கயே இருப்பா. இல்லைன்னா பெட்டியைக் கட்டுவா.

எனக்கென்ன? போனா வீடு அமைதியாத்தான் இருக்கும். பாத்ரூம் காலையில காலியா இருக்கும். என் சீப்பு என் இடத்துல இருக்கும். …யார்கிட்ட சார் சண்டை போடுறது? இவர்கிட்ட போட்டா, பல்லி வரைஞ்சுக்கிட்டே ‘சரிம்மா’ங்கிறாரு. அதெல்லாம் ஒரு சண்டையா?

ஆங், வந்துட்டீங்களா வளைவுக்கு! இதுதான் சார். இங்கதான் எல்லாம். படி திரும்புதே, இந்த இடம்தான் விளையாட்டோட உயிர். நான் பேசலை.

பேசக் கூடாது. அதான் சட்டம். விளையாடுறவங்க பக்கத்துல உக்காந்தவங்க வாயைத் திறக்கவே கூடாது, அவங்க எங்க நிக்கிறாங்க, எங்க முழிக்கிறாங்கன்னு பாக்க மட்டும்தான் செய்யணுமாம். ஏன்னா விளையாட்டை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நாம கூடப் போக முடியாதில்லையா. சரிதான். நான் என்ன மறுத்தேனா? நான் எங்க பேசுறேன்?

இப்ப ஏன் இவ்வளவு கெடுபிடின்னா… கேளுங்க. நேத்து சாயந்தரமே விளையாட்டு ஓட ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்கு வந்தவங்களையெல்லாம் பிடிச்சு உக்கார வெச்சேன். தண்ணி கேன் போடுறவரு, கூரியர்காரரு, எங்க மாமியார். எல்லாரும் தாண்டினாங்க சார்! மாமியார் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல, அவங்களே தாண்டினாங்க! அந்தச் சந்தோஷத்துல இன்னிக்குக் காலையில இன்டர்நெட்ல ஏத்தி விட்டோம், போட்டியில இருக்குற மத்தவங்க விளையாடிப் பாத்துக் கருத்து சொல்லட்டும்னு. சொன்னாங்க! ‘பீரோ வளைவுலயே நிக்குது’. ‘வளைவுக்கு மேல போகலை, ரிப்பேரா?’ ‘படம் பிரமாதம், சத்தம் அதைவிடப் பிரமாதம்’ — அது என்னுது — ‘ஆனா வளைவைத் தாண்ட முடியல’. ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் அதே இடத்துல!

நாத்தனார் ஆடிப் போயிட்டா. வீட்ல ஓடுறது வெளியில ஏன் ஓடலைன்னு, காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்காம தப்பைத் தேடுறா. ஏத்தும்போது ஏதோ கெட்டுப் போகுதுங்கிறா. எழுதினதை எல்லாம் வரி வரியாப் பிரிச்சுப் போட்டாச்சு. தப்பே கிடைக்கலை. நேரமும் போயிடுச்சு. இப்ப உள் ரூம்ல ரெண்டு பேருமா உக்காந்து வளைவையே எடுக்குறாங்க சார். நேர் படியா ஆக்குறாங்க. நேர் படியில பீரோ ஏத்துறதுல என்ன இருக்கு? கூலிக்கு ஆளு வெச்சா அவனே ஏத்திட்டுப் போறான். இவரு சுவரை நிமித்தி வரையறாரு, மூஞ்சியைப் பாக்கச் சகிக்கலை. கடைசியா அவளே சொன்னா: ‘அண்ணி, புதுசா ஒரே ஒரு ஆளு கிடைச்சா உக்கார வெச்சுப் பாருங்க. தாண்டினா வளைவு இருக்கட்டும், தாண்டலைன்னா எடுத்துடுறேன். வாயை மட்டும் திறக்காதீங்க. வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க, தாண்டினாரா, தாண்டலையான்னு.’ அவ சொல்லி வாயை மூடலை, நீங்க பெல் அடிச்சீங்க!

சார், ஏன் அவ்வளவு அழுத்துறீங்க? பட்டன் பிஞ்சிடும். ம்ஹூம். அப்படி முட்டினா எப்படி வரும்? இடிக்குது பாருங்க. அட, என்ன சார் இது, நாள் பூரா தூக்கிக்கிட்டே நிக்கிறதா? அவங்களும் மனுஷங்கதானே! கீழ வைங்க. ரெண்டு கையையும் எடுத்துடுங்க. ஆங். இப்ப பாருங்க… பீரோ உக்காந்துச்சா? மூச்சு வாங்குறாங்களா? மேல் ஆளு நெத்தியைத் துடைக்கிறான்… இடம் மாறுறாங்க… திருப்பிட்டாங்க! இப்பத் தூக்குங்க. தூக்குங்க சார்! ஏறுது! தாண்டிட்டீங்க!

ஏய்! தாண்டிட்டாருடி! கீழ் வீட்டு சார் தாண்டிட்டாரு! வளைவை எடுக்காத!

கேட்டீங்களா, உள்ள கை தட்டுறாங்க. இவருதான் அது, அவ கை தட்டினா இவ்வளவு சத்தம் வராது. அப்பாடா. பாத்தீங்களா சார், இதுல எந்தத் தப்பும் இல்ல. அந்த இன்டர்நெட்டுலதான் ஏதோ கோளாறு…

என்ன? நான் சொன்னேனா? நான் எங்க சொன்னேன்? …கீழ வைங்கன்னா? அது சும்மா வாய் தவறி வந்தது சார். அதுல என்ன இருக்கு, நீங்களே ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பீங்க. எல்லாரும் கண்டுபிடிச்சாங்களே. தண்ணி கேன்காரரு எவ்வளவு சுருக்கா… அவரும் முதல்ல முட்டிக்கிட்டுதான் நின்னாரு. நான்தான், ‘கேனை எப்படிப் படியில இறக்கி வெச்சு இறக்கி வெச்சு எடுத்துட்டு வர்றீங்க, அந்த மாதிரி’ன்னேன். கூரியர்காரரு… அவருக்கு அவசரம், அதனால கையைப் பிடிச்சு நானே எடுத்து விட்டேன். எங்க மாமியார்…

மாமியாருக்கு முழுக்க நானேதான் சொன்னேன்.

சார்.

ஒரு தப்பும் இல்ல சார் இதுல. நான்தான் இருந்திருக்கேன். எல்லார் பக்கத்துலயும் நான் உக்காந்திருக்கேன். வெளியில விளையாடினவங்க பக்கத்துல உக்கார ஆளில்ல. கீழ வைக்கலாம்னு ஒருத்தருக்கும் தோணலை, ஏன்னா அதை விளையாட்டு எங்கயுமே சொல்லலை. நான் சொல்லிட்டிருந்தேன்! அந்தப் பொண்ணு காலையில இருந்து கம்ப்யூட்டருக்குள்ள தேடுற தப்பு, இங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கு!

இப்ப என்ன பண்றது? பேசாம இருந்துட்டா? வளைவு இருக்கும், அனுப்பிடுவா, அங்க தேர்ந்தெடுக்குறவங்களும் வளைவுல முட்டிக்கிட்டு நிப்பாங்க. பீரோவும் நிக்கும், அவ வேலையும் நிக்கும். போய்ச் சொன்னா… ஆயுசுக்கும் விட மாட்டா சார். நான் கிழவி ஆனப்புறமும் சொல்லிக் காட்டுவா. அப்படிப் பாக்காதீங்க. சொல்றேன், சொல்றேன். சொல்லாம எப்படி இருக்க முடியும். நீங்க இங்கயே இருங்க.

ஏய்… இங்க பாரு… கை தட்டுறதை நிறுத்துங்க. தாண்டினாருதான். இல்ல, அவரா தாண்டலை. நான்தான்… ஆமா. ஆமா, சொன்னேன். அவருக்கு மட்டும் இல்லடி. தண்ணி கேன்… ஆமா, அவருக்கும். ஆமா. உங்க அம்மாவுக்கும். என்ன என்னையே பாக்குற, திட்டுறதுன்னா திட்டிடு. …ஏய்! என்னடி ஆச்சு உனக்கு?

சார், அவ சிரிக்கிறா சார்! தரையில உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. இவரு பயந்து போய் விசிறி எடுத்துட்டு வராரு. ‘என் புரோகிராம்ல தப்பில்ல, எங்க அண்ணிதான் தப்பு’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. சரி, சிரிக்கட்டும். இன்னிக்குப் பூரா அழாத குறையா இருந்தா. நான் எதுக்காவது பிரயோஜனப்பட்டேனே.

என்னது? மைக்கா? எனக்கா? இதைக் கேளுங்க சார் அநியாயத்தை! வளைவுக்கு வந்ததும் மேல் மாடியில ஒரு ஜன்னல் திறக்குமாம். அதுல இருந்து ஒரு பொம்பளை எட்டிப் பாத்து ஏதாவது சொல்லணுமாம். அந்தப் பொம்பளை நானாம்! இவரு ஜன்னலை வரைய ஓடிட்டாரு, முகத்துல இப்பதான் சிரிப்பே வருது. காலையில இருந்து மூடு மூடுன்னவ இப்ப வாய்க்கு நேரா மைக்கை நீட்டுறா! நேரம் இல்ல, சீக்கிரமாம். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி. சார், நீங்க கொஞ்சம் இருமாம இருங்க.

ம்க்கும்.

‘தயவு செய்து தங்கள் பாரத்தைக் கீழே இறக்கி வைக்கவும்.’

என்னடி? ரயில்வே ஸ்டேஷன் மாதிரியா இருக்கு? மரியாதையாச் சொன்னா அப்படித்தான் இருக்கும். சரி, இன்னொரு தடவை. ‘ஐயா, சற்று ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்.’ …தலையில அடிச்சுக்காத. ‘ஹலோ, தூக்கக் கூடாது, வைக்கணும்.’ இதுவும் இல்லையா? எப்பவும் பேசுற மாதிரிப் பேசுன்னா, எப்பவும் எப்படிப் பேசுறேன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன உக்காந்து கேட்டுக்கிட்டா இருக்கேன்? இந்த மைக்கைப் பாத்தாலே நாக்கு உள்ள போகுதுடி. அந்தச் சிவப்பு லைட்டு வேற முறைச்சுக்கிட்டு. கொஞ்சம் இரு… தண்ணி குடிச்சிக்கிறேன்…

சார்! சார், எங்க கிளம்பிட்டீங்க? செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுப் பூனை மாதிரிப் போறீங்களே, நான் பாக்கலைன்னா நினைச்சீங்க? நல்லா இருக்கு! முதல்ல அதைக் கீழ வைங்க! யாரு துரத்துறாங்க உங்களை? கையை விடுங்க, கீழ வெச்சிட்டு ஒரு மூச்சு வாங்குங்க, அப்புறம் நிதானமாப் போங்க! இந்தப் படி எங்கயும் ஓடிப் போயிடாது!

…போயிட்டாரு. காபிகூடக் குடிக்கலை பாவம். என்னடி ரெண்டு பேரும் குதிக்கிறீங்க? என்ன, கிடைச்சிடுச்சா? எது கிடைச்சிடுச்சு? நான்தான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!